பயிற்சியாளர் ஏன் பள்ளிக்கு வரக் கூடாது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் தேர்ந்தெடுக்கும் முகாம்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் சொல்கின்றன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் அதிகம் என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் ஜார்ஜியா மாநிலத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறான், பள்ளியின் ஃபுட்பால் அணியில் ஆடுகிறான். முன்பு பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பள்ளி மைதானத்துக்கே வந்து முகாம் நடத்திப் பையன்களைப் பார்த்தார்களாம். இப்போது அப்படி வரக் கூடாது என்று விதி இருப்பதால், என் மருமகன் கோடை விடுமுறை முழுவதும் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்துவதில் அப்படி என்ன தவறு? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி.

பதில்: முகாம் நடத்துவது தவறு என்று எந்த விதியும் சொல்லவில்லை, ஐயா. அதை நடத்தும் இடத்தையும் நாளையும்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் பழைய விதிப்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் முகாமைத் தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால், தன் வளாகத்திலிருந்து 50 மைல் சுற்றளவைத் தாண்டக் கூடாது. ஆனால் வேறொரு பள்ளியோ கல்லூரியோ நடத்தும் முகாமுக்கு ஒரு பயிற்சியாளர் விருந்தினராகப் போய்ப் பயிற்சி கொடுப்பதை அந்த விதி தடுக்கவில்லை. வேலியிலிருந்த அந்தச் சந்து வழியாக நுழைந்தவைதான் ‘சாட்டிலைட் கேம்ப்’ என்று அங்கே பேர் வாங்கிய முகாம்கள். 2014-ல் வடக்கே இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்கள் ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த வேறு கல்லூரிகளின் முகாம்களில் போய் நின்றார்கள். 2015 ஜூனில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மாநிலம் மாநிலமாகச் சுற்றுப்பயணமே போனார். அலபாமா மாநிலத்தின் பிராட்வில் நகரப் பள்ளி முகாமில் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பையன்களோடு பையனாக ஓடியாடிய படம் நாடு முழுவதும் பரவியது.

தெற்கத்திப் பல்கலைக்கழகங்களுக்குக் கோபம் வந்த காரணம் நம் பக்கத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விளையும் தோட்டத்துக்கு அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவருக்கு, காய் எப்படியும் தன்னிடம்தான் வரும் என்ற நிம்மதி இருக்கும். வெளியூர் வியாபாரி வண்டியோடு தோட்டத்துக்கே வந்து விலை பேசத் தொடங்கினால் அந்த நிம்மதி போய்விடும்; ‘எல்லோரும் நேதாஜி மார்க்கெட்டுக்குள்தான் வாங்க வேண்டும்’ என்று சட்டம் கேட்பார். ஜார்ஜியா, ஃபுளோரிடா, அலபாமா, டெக்சஸ் ஆகியவை அந்த ஆட்டத்தின் விளைநிலங்கள். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்டிருக்கும் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களில், தெற்கத்தியக் குழுவான எஸ்.இ.சி.யும் அட்லாண்டிக் கரைக் குழுவான ஏ.சி.சி.யும் தங்கள் பயிற்சியாளர்கள் இப்படிப் போகக் கூடாது என்று முன்பே தமக்குத் தாமே தடை போட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் போகாதபோது அவர்கள் மட்டும் எங்கள் ஊருக்கு வரலாமா என்பது அவர்களின் வாதம்.

2016 ஏப்ரல் 8 அன்று என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கவுன்சில் (பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் பிரிவு அது) இத்தகைய முகாம்களை அடியோடு தடை செய்தது. தடை அன்றைக்கே அமலுக்கு வந்தது. பெரிய ஐந்து குழுக்களுக்குத் தலா இரண்டு வாக்கு, மற்ற ஐந்துக்குத் தலா ஒன்று என்ற கணக்கில் 10-க்கு 5 என்று தீர்மானம் நிறைவேறியது. அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பசிபிக் கரைக் குழுவான பேக்-12-ல் இருந்த 12 பல்கலைக்கழகங்களில் 11 தடையை விரும்பவில்லை என்று அந்தக் குழுவின் ஆணையரே பிறகு சொன்னார். ஆனால் அவர்கள் சார்பில் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர் தடைக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார். அந்த இரண்டு வாக்கும் மறுபக்கம் விழுந்திருந்தாலும் 8-க்கு 7 என்று தடை நிறைவேறியிருக்கும் என்பது வேறு விஷயம். எதிர்ப்பு வலுத்ததும், இருபதே நாளில், ஏப்ரல் 28 அன்று, கவுன்சிலுக்கு மேலிருந்த இயக்குநர் குழு அந்தத் தடையை ரத்து செய்தது.

அன்றைக்கு எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு செய்தியைத்தான் இதில் முக்கியமானதாக நான் கருதுகிறேன். பள்ளி மைதானத்தில் நடக்கும் முகாமுக்கு மிச்சிகன் பயிற்சியாளர் வருகிறார் என்ற பேச்சுக் கிளம்பினால் நானூறு பையன்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் மிச்சிகனுக்குத் தேவைப்படுகிறவர் ஒருவரோ இருவரோதான். ஆனால் அதே மைதானத்தின் ஓரத்தில் சிறிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்களும் கையில் அட்டையும் பென்சிலுமாக நிற்பார்கள். பெரிய வலையில் தங்காத மீன் இவர்கள் வலையில் தங்கும். அதனால் ஒரு பையனின் நான்கு வருடப் படிப்புச் செலவு தீரும். தடையினால் இழப்பு மிச்சிகனுக்கு அல்ல, அந்த மூன்றாவது வரிசைப் பையனுக்குத்தான்.

ஆனாலும் விதி முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2017 ஏப்ரலில், பயிற்சியாளர்கள் முகாம்களில் பங்குபெறுவது ஜூன், ஜூலை மாதங்களில் 10 நாளுக்கு மட்டும் என்றும், முகாம் கல்லூரி வளாகத்திலோ அந்தக் கல்லூரி வழக்கமாகப் பயிற்சிக்கும் போட்டிக்கும் பயன்படுத்தும் மைதானத்திலோதான் நடக்க வேண்டும் என்றும் புதிய விதி வந்தது. உங்கள் மருமகன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது இந்த விதியினால்தான். பயிற்சியாளர்களுக்கு ஓய்வும் குடும்பமும் வேண்டும், முகாம்கள் கட்டுக்கடங்காமல் போகக் கூடாது என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை. 10 நாள் என்ற வரம்பும் நியாயமானதே. ஆனால் இடத்தைப் பற்றிய விதியால் பயணம் குறையவில்லை. பயணம் செய்கிறவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். சம்பளமும் விமானச் சீட்டும் உள்ள பயிற்சியாளர் போன தூரத்தை இப்போது பையனின் அப்பா சொந்தச் செலவில் போகிறார்.

கேள்வி: அது நம் கால்பந்துதானா? – கல்லூரி மாணவர், ஆம்பூர்.

பதில்: இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு அணிக்குப் பதினொருவர் மோதுவார்கள். ஆனால் அதன் முதல் கல்லூரிப் போட்டி என்று சொல்லப்படுவது, 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது, அணிக்கு 25 பேர் நின்று பந்தைக் காலால் உதைத்த ஆட்டம்தான். ஆம்பூர் மைதானத்தில் நீங்கள் ஆடுவதற்கு அது இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். ரட்கர்ஸ் கல்லூரியைத் தோற்றுவித்த டச்சு சீர்திருத்தச் சபையின் வழியில் வந்த அமெரிக்கத் திருச்சபைதான் ஆற்காடு மிஷனையும் நடத்தியது; வேலூர் ஊரீஸ் கல்லூரி 1898-ல் தொடங்கியது அந்த மிஷனால். அந்த வழியாகப் பார்த்தால் இந்த ஆட்டம் நமக்குத் தூரத்து உறவு.

கேள்வி: நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். என் பள்ளியில் ஒரு பெரிய கல்லூரி முகாம் நடத்துகிறது என்றால் அதைப் பெருமையாகவே நினைப்பேன். பள்ளிப் பயிற்சியாளரும் கல்லூரிப் பயிற்சியாளரும் ஒரே மைதானத்தில் நிற்பதை அவர்கள் ஏன் இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்? – குடியாத்தம்.

பதில்: நீங்கள் சம்பளத்தைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காமல், காலை ஆறு மணிக்கு விசிலும் ஸ்டாப்வாட்சுமாக வந்து, சுண்ணாம்புக் கோட்டை நீங்களே போட்டுப் பிள்ளைகளை ஓடவிடுகிறவர் என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. அங்கே சில ஊர்களில் நிலைமை வேறு. பெரிய பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளர் அந்த ஊரில் ஒரு சக்தி. எந்தப் பையன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பதில் பெற்றோருக்கு அடுத்தபடி அவர் சொல் எடுபடும். முன்பெல்லாம் அந்தச் சொல்லை வாங்க நினைத்த கல்லூரி, பையனுக்குப் பணம் கொடுத்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் அவனுடைய பயிற்சியாளரைத் தன் முகாமுக்குச் சம்பளத்தோடு அழைக்க முடிந்தது, தன் அலுவலகத்தில் அவருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்க முடிந்தது. பையன் பின்னாலேயே வந்துவிடுவான். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிறவர் முதலில் தாய்மாமனுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதைப் போன்றது அது. யாரும் லஞ்சம் என்று சொல்ல முடியாது, ஆனால் எதற்காக என்று ஊருக்கே தெரியும்.

ஆகவே முகாம்களைப் பற்றி நெடுங்காலமாகவே சில கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புகளைத் தவிர வேறு எந்த வடிகட்டலும் இன்றி முகாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ‘நீ நன்றாக ஆடுகிறாய், உனக்குக் கட்டணம் வேண்டாம்’ என்று திறமையான பையனுக்குச் சலுகை காட்டக் கூடாது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. இவற்றோடு 2017-ல், முதல் நிலைப் பல்கலைக்கழகங்கள் ஒரு மாணவருக்கு நெருக்கமானவரை, அந்த மாணவர் சேர்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் சேர்ந்த பிறகு இரண்டு ஆண்டுகளிலும், களத்தில் பயிற்சி கொடுப்பதல்லாத உதவிப் பணிகளில் அமர்த்தக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. முகாமில் பயிற்சியாளர் மாணவரோடு சேர்க்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம் என்று அதே ஆண்டில் அனுமதித்தார்கள். பதிலுக்கு, கல்வித் தகுதி, சூதாட்டம், ஏஜென்டுகள், போதைப்பொருள் ஆகியவற்றைப் பற்றிய வகுப்பு ஒன்றை ஒவ்வொரு முகாமிலும் நடத்த வேண்டும் என்றும் கட்டாயமாக்கினார்கள்.

என்னைக் கேட்டால், வேலை கொடுத்து வளைப்பதைத் தடுத்த விதி போதுமானது, சரியானது. தப்பு நடப்பது கையில்தானே தவிர மைதானத்தில் அல்ல. வேலைக்கு அமர்த்தும் கையைக் கட்டிய பிறகு, பள்ளி மைதானத்தையும் சேர்த்துப் பூட்டியது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஒரே கூட்டத்தில் இரண்டையும் நிறைவேற்றியதால், நல்ல விதியின் நிழலில் மற்றதும் கேள்வி கேட்பாரின்றி உள்ளே வந்துவிட்டது.

கேள்வி: இந்தச் சண்டையெல்லாம் நம் ஊரில் ஏன் இல்லை? என் இரண்டு பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் வந்து பார்த்ததில்லை, வரக் கூடாது என்று யாரும் தடுத்ததும் இல்லை. – வாசகி, சத்துவாச்சாரி.

பதில்: நம் முறையில் திறமையை எடைபோடுவது சான்றிதழ், அம்மா. குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறி, வாங்கிய சான்றிதழ்களை ஃபைலில் கோத்துக்கொண்டுபோய்க் காட்டினால், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்குப் போட்டியிடலாம். கணக்கில் வருவது மதிப்பெண்ணாக மாற்றப்பட்ட தாள். பிள்ளை ஓடும்போது யார் பார்த்தார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதற்கு நேர்மாறு: பயிற்சியாளரின் கண் பார்த்தாக வேண்டும். கோப்பைகள் பின்னணிதான். கண்தான் தராசு என்றால், அந்தக் கண் எந்த ஊரில் நிற்கிறது என்பது வாழ்க்கைப் பிரச்சினையாகிவிடுகிறது. அதனால்தான் அங்கே இடத்துக்காகச் சண்டை.

உங்கள் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோவும் 179 கிலோவுமாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். பளுதூக்குதலில் இரும்பே பேசிவிடும்; சத்துவாச்சாரியில் தூக்கினாலும் 179 கிலோ 179 கிலோதான். ஃபுட்பாலில் அப்படி ஒரு எண் கிடையாது. முகாமில் 40 கஜ ஓட்டத்தை, நம் கணக்கில் சுமார் 36½ மீட்டரை, நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று அளக்கிறார்கள். ஆனால் எதிராளி தோளால் இடிக்க வரும் கணத்தில் பையனின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அதைப் பார்க்கத்தான் ஆள் நேரில் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் முறையிலும் தூரம் ஒரு தடைதான். அதற்கு விதி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில், எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் மாநிலத் தேர்வுக்குக் கூப்பிடப்பட்டோம். தேர்வு சென்னையில், காலை ஏழு மணிக்கு. முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். தங்குவதற்கு உறவுக்காரர் வீடு இருந்தது எனக்கு மட்டும். மற்ற இருவரில் ஒருவன் என்னைவிட நன்றாக ஆடுவான் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அவன் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, என் ஷூவை ஒரு காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்துவிட்டுப் போனான். நான் தேர்வாகவில்லை. தேர்வாளர் ஒருவர் அன்றைக்கு எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்திருந்தால் அவன் தேர்வாகியிருப்பானா என்ற கேள்வி, பிராட்வில் பள்ளியின் படத்தைப் பார்த்தபோது எனக்குத் திரும்ப வந்தது.

கேள்வி: என் தங்கை மகன் டெக்சஸில் பத்தாம் வகுப்பு. ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ‘நீ எங்கள் முகாமுக்கு வர வேண்டும்’ என்று அவன் பெயர் போட்டு அழைப்பு வந்திருக்கிறது. அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று வீடே கொண்டாடுகிறது. செலவு செய்து அனுப்பலாமா? – வாசகி, ராணிப்பேட்டை.

பதில்: கொண்டாட்டத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். முகாம் அறிவிப்பையும் விவரப் படிவத்தையும் எந்த வயது மாணவருக்கும் எப்போது வேண்டுமானாலும் அனுப்ப விதி இடம் கொடுக்கிறது. உண்மையான சேர்க்கைக் கடிதங்களை அப்படி எப்போது வேண்டுமானாலும் அனுப்ப முடியாது. முகாம் எல்லோருக்கும் திறந்தது என்று மேலே சொன்னேன். அழைப்பில் பெயர் அச்சிட்டிருப்பது கம்ப்யூட்டரின் வேலை. அவனை யாராவது உண்மையில் கவனித்திருக்கிறார்களா என்று அறிய ஒரு வழி இருக்கிறது: அவனுடைய பள்ளிப் பயிற்சியாளரிடம் சொல்லி, அந்தப் பல்கலைக்கழகத்தில் அவன் ஆடும் இடத்துக்குப் பொறுப்பான துணைப் பயிற்சியாளருக்குப் பேசச் சொல்லுங்கள். பையனின் ஆட்டப் பதிவைப் பார்த்திருக்கிறாரா என்ற ஒரு கேள்வி போதும். பார்த்திருந்தால் ஏதாவது ஒரு காட்சியைக் குறிப்பிட்டுப் பேசுவார். பொதுவாகப் பாராட்டினால் பார்க்கவில்லை என்று பொருள்.

பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு முகாமுக்குப் பணம் ஒதுக்க முடியும் என்றால், பெரிய பெயருள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் முகாமைவிட, சிறிய கல்லூரி வளாகத்தில் பல பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் சேர்ந்து நிற்கும் முகாமே மேல். பள்ளி மைதானம் மூடப்பட்ட பிறகு, பழைய சாட்டிலைட் முகாமின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்திருப்பவை இவைதான். அங்கே அவர்கள் ‘மெகா கேம்ப்’ என்கிறார்கள். ஒரே பகலில் பல கண்கள் பார்க்கும். முகாமில் வாய்மொழியாகச் சொல்லப்படும் எந்த வாக்குறுதியும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்பதையும், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது என்பதையும் தங்கையிடம் சொல்லிவையுங்கள்.

முகாமுக்கு முன்னால் பார்க்க வேண்டியது மதிப்பெண் பட்டியல். முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் நான்குக்குச் சராசரி 2.3 புள்ளியாவது வாங்கியிருக்க வேண்டும். அந்த 16-ல் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ ஒன்று விட்டுப்போயிருந்தால், ஜூன் மாதத்தில் அவன் இருக்க வேண்டிய இடம் முகாம் அல்ல, கோடை வகுப்பு. பள்ளி ஆலோசகரிடம் பட்டியலை வாங்கி, 16-ல் எத்தனை முடிந்திருக்கிறது என்று இந்த வாரமே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.